இரண்டு சிட்டிகை மண்

கோயம்புத்தூரில் ஒரு தனியார் மண் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். தென்னைக்கு என்ன உரம் வைக்கலாம், போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு, இந்த மண் வாழைக்கு ஆகுமா என்பதுதான் அவர்கள் கேட்பது. ஒருவர் மண்ணைக் கொண்டுவந்து வைத்து, இதைக் குழந்தை தின்றிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டது அதுவரை நடந்ததில்லை.

கேட்டவர் ஒரு தச்சர். டவுன்ஹாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். கிணத்துக்கடவுக்குக் கொஞ்சம் முன்னால் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிப் பிரித்துப் போட்டிருந்த மனைகளில் ஒன்றை வாங்கி வீடு கட்டியிருந்தார். கதவு, ஜன்னல், அலமாரி எல்லாம் அவர் கையால் செய்தது. குடிபோய் ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. மனைவியும் இரண்டரை வயதுப் பெண் குழந்தையும் உண்டு.

வீட்டுக்குப் பின்னால் முருங்கை வைக்கக் குழி தோண்டியிருக்கிறார். இரண்டடி ஆழத்தில் மண்ணோடு மரச்சீவல்கள் வந்தன. அவற்றில் லேசாகப் பச்சை ஏறியிருந்தது. மரவேலை தெரிந்தவர் என்பதால் அந்தப் பச்சையை உடனே அடையாளம் கண்டுகொண்டார். கரையான் அரிக்காமல் இருக்க மரத்துக்கு மருந்து ஏற்றினால் வரும் நிறம் அது. பக்கத்து டீக்கடைக்காரரிடம் விசாரித்தபோது, ரொம்ப வருடங்களுக்கு முன்பு அந்த இடம் முழுக்க ஒரு மர யார்டு இருந்தது என்றும், வேலிக் கம்பங்களை மருந்துத் தொட்டியில் ஊறவைத்து அடுக்குவார்கள் என்றும் தெரிந்திருக்கிறது. அப்படிப்பட்ட மருந்துகளில் செம்பு உண்டு, குரோமியம் உண்டு, ஆர்சனிக்கும் உண்டு. குழந்தை வாயெல்லாம் மண்ணோடு நிற்பதை அவர் அதற்கு மூன்று வாரம் முன்புதான் பார்த்திருந்தார்.

மண்ணை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, அதை இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மேஜைமேல் வைத்துவிட்டு எங்கள் சிங்க்கில் மூன்று தரம் கை கழுவினார்.

ஆர்சனிக் அளக்கும் கருவி எங்களிடம் உண்டு, குடிநீர்ப் பரிசோதனைக்காக வாங்கியது. மண்ணை அமிலத்தில் கொதிக்கவைத்துக் கரைத்து ஓட்டியபோது முதல் தடவை அளவு கருவியின் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. பல மடங்கு நீர்க்கவைத்து மறுபடி ஓட்டித்தான் சரியான எண் கிடைத்தது. சாதாரண மண்ணில் இருக்கக்கூடியதைவிட மிக அதிகம்.

அதன் பிறகு நான் செய்தது தவறு. அந்த எண்ணைப் போனில் அப்படியே சொல்லிவிட்டேன். "ஆர்சனிக்னா பாஷாணமுங்களா?" என்று கேட்டார். ஒருவகையில் ஆமாங்க என்றேன். சரிங்க என்று வைத்துவிட்டார்.

நான்கு நாள் கழித்து எழுத்துமூலமான ரிப்போர்ட் வாங்க வந்தபோதுதான் நடந்தது தெரிந்தது. அன்று சாயங்காலமே வீட்டைப் பூட்டிவிட்டுப் போத்தனூரில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். குழந்தையின் விளையாட்டுச் சாமான், துணிமணி, மெத்தை எல்லாவற்றையும் அவர் தூக்கிப் போட்டுவிட்டார். குழந்தையைக் கவனிக்காமல் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று மனைவியை எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் அதிலிருந்து சரியாகப் பேசுவதும் இல்லை, சாப்பிடுவதும் இல்லை. இதை அவர் குற்ற உணர்வோடு சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ரிப்போர்ட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவர், எழுந்திருக்காமல் கேட்டார்:

"ஏனுங்க மேடம், இதுல எம்புள்ள ஒடம்புல எவ்வளவுங்க சேந்திருக்கும்?"

பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அவர் போன பிறகு நாள் முழுக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு விவசாயி மண்ணைக் கொண்டுவந்தால், அதில் மொத்தம் எவ்வளவு மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், இருக்கிறது என்று நாங்கள் சொல்வதில்லை. மொத்தம் ஏராளமாக இருக்கலாம். செம்மண்ணில் இருக்கும் இரும்பு அதில் பெரும்பகுதியைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேரால் உறிஞ்ச முடிவது கொஞ்சம்தான். அதனால் பயிருக்குக் கிடைக்கக்கூடிய சத்து எவ்வளவு என்று தனியாகப் பிரித்தெடுத்து அதைத்தான் எழுதிக் கொடுப்போம். இதை நான் ஆயிரக்கணக்கான தடவை செய்திருக்கிறேன். ஒரு சோளப்பயிருக்குக் காட்டிய அந்த நிதானத்தை ஒரு குழந்தைக்கு நான் காட்டவில்லை. எந்த வயிற்றிலும் இல்லாத கடுமையான அமிலத்தில் மண்ணைக் கொதிக்கவைத்து, வந்த மொத்த எண்ணைத் தூக்கி அதன் அப்பா தலையில் போட்டுவிட்டேன். ஆர்சனிக்கும் மணிச்சத்தும் குணத்தில் நெருங்கிய உறவுகள். ஒன்றைப் பிடிக்கும் இரும்பு மற்றதையும் பிடிக்கும். விழுங்கிய மண்ணிலிருந்து வயிற்றில் எவ்வளவு கரைகிறதோ அதுதான் ரத்தத்துக்குப் போக வாய்ப்புள்ளது. மீதி வந்த வழியே வெளியே போய்விடும்.

இதை அளக்க ஒரு முறை இருப்பது எனக்குத் தெரியும். வயிற்றில் சுரப்பதைப் போலப் புளிப்பான ஒரு திரவத்தைத் தயாரித்து, அதில் மண்ணைப் போட்டு, உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு வடிகட்டி, கரைந்தது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எங்கள் கூடத்தின் முதலாளியிடம் கேட்டேன். இதற்கு நமக்கு அங்கீகாரம் இல்லை, லெட்டர்ஹெட்டில் ரிப்போர்ட் தர முடியாது, நீங்களாக வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

முதலில் மண் வேண்டும். டப்பாவில் வந்த மண் குழிக்குள்ளிருந்து எடுத்தது. குழந்தை குழிக்குள் இறங்கித் தின்றிருக்காது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போனேன். தச்சரும் மனைவியும் வந்திருந்தார்கள். குழந்தையைப் போத்தனூரில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அந்தப் பெண்ணை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஒல்லியான தேகம், வெளுத்துப்போன முகம். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

பாப்பா எங்கே உட்கார்ந்து மண் தின்றது என்று கேட்டேன். தச்சர் பின்பக்கம் கை காட்டினார். அவள் முன்பக்கம் நடந்து போனாள். குழாயடியில் ஒரு துணி துவைக்கும் கல், அதன் ஓரத்தில் ஈரமான செம்மண். அங்கே போய் நின்றாள்.

"இங்கதானுங்க. பின்னால எறும்புப் புத்து இருக்குதுன்னு நான் அந்தப் பக்கமே உடறதில்லீங்க."

தச்சர் திகைத்துப் போனார். எங்கே பயமாக இருந்ததோ அங்கே தோண்டி மண் எடுத்து வந்துவிட்டிருக்கிறார். அவரைச் சொல்லி என்ன, பாப்பா எங்கே தின்றது என்று நானும் முன்பே கேட்கவில்லை. இரண்டு இடத்திலும் மேலாக இருந்த மண்ணை மட்டும் சுரண்டித் தனித்தனிக் கவரில் போட்டுக்கொண்டேன்.

அடுத்தது, எவ்வளவு தின்றது என்பது. இது தெரியாவிட்டால் எந்தக் கணக்கும் நிற்காது. குழந்தைகள் விளையாடும்போது கை வழியாக வாய்க்குப் போகும் மண்ணுக்கு ஒரு பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் அள்ளித் தின்னும் குழந்தைக்கு அது செல்லாது. அம்மாவுக்குத்தான் தெரியும். எங்கள் கூடத்துக்கு ஒருநாள் வரச் சொன்னேன்.

புதன்கிழமை மத்தியானம் போத்தனூரிலிருந்து பஸ் ஏறித் தனியாக வந்தாள். வேதிப்பொருள் எடைபோடும் சின்னத் தராசின்முன் அவளை உட்காரவைத்து, கையுறை கொடுத்து, எங்கள் வளாகத்துச் சாதாரண செம்மண்ணை ஒரு கிண்ணத்தில் வைத்தேன். பாப்பா ஒரு நாளைக்கு எவ்வளவு தின்றிருக்கும் என்று தோன்றுகிறதோ அதை எடுத்து இந்தக் காகிதத்தில் வை கண்ணு, கூடக்குறைய இருந்தாலும் பரவாயில்லை என்றேன்.

கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தாள். பிறகு இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்து வைத்தாள். "இது பாப்பாவுக்குங்க" என்றாள். எண்ணைக் குறித்துக்கொண்டேன். முடிந்தது என்று நினைத்து நோட்டை மூடப்போனேன். அவள் எழுந்திருக்கவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி கையை விட்டு, இந்தத் தடவை மூன்று விரலால் அள்ளி, பக்கத்தில் தனியாக வைத்தாள்.

இது என்ன என்று கேட்டேன்.

"இது எனக்குங்க அக்கா."

அதற்குமேல் நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவளே சொன்னாள். நான்கு மாதம் முழுகாமல் இருக்கிறாள். இரண்டாவது மாதத்திலிருந்து, குழாயடி மண்ணில் தண்ணீர் தெளித்ததும் எழும் வாசம் அவளை இருக்கவிடவில்லை. ஒருநாள் நாக்கில் வைத்துப் பார்த்தாள். அதன்பின் தினமும். துணி துவைக்கும் சாக்கில் போய் உட்கார்ந்துகொள்வாள். பாப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. குழந்தை தானாகப் பழகவில்லை, தன்னைப் பார்த்துத்தான் பழகியது என்றாள். வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் கேட்டபோது அதனால்தான் அவளால் வாய் திறக்க முடியவில்லை.

நான் என் மகனைச் சுமந்த காலத்தில் பல்பம் தின்றிருக்கிறேன். சிலேட்டில் எழுதும் சாதாரணப் பல்பம். டப்பா டப்பாவாக வாங்கிக் கைப்பைக்குள் வைத்திருப்பேன். வேலைக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கடிப்பேன். மண்ணில் என்னென்ன இருக்கும் என்று தினமும் அளந்துகொண்டிருந்தவள் நான். தெரிந்தும் என்னால் நிறுத்த முடியவில்லை. என் கணவருக்கு இன்றுவரை அது தெரியாது. அதை அவளிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் தோள் கொஞ்சம் இறங்கியது.

ரத்தத்தில் இரும்பு குறைந்தால் சிலருக்கு இப்படி மண்மேல் ஆசை வரும், இது புத்தி கெட்டுப்போய்ச் செய்கிற காரியம் இல்லை, டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றேன். வீட்டுக்காரரிடம் யார் சொல்வது என்று கேட்டாள். நீதான் சொல்ல வேண்டும், வேண்டுமானால் நானும் கூட இருக்கிறேன் என்றேன். இரண்டு சிட்டிகையும் நோட்டில் இருந்தன. கணக்கு இப்போது ஒருவருக்கு அல்ல. வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால் மூன்று பேருக்கு.

புரட்டுவதற்கு இயந்திரம் எங்களிடம் இல்லை. என்னோடு கல்லூரியில் படித்த ஒருவர் சோமனூர்ப் பக்கம் ஒரு நூல் சாயப்பட்டறையின் லேபைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே சாம்பிள் நூலுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்க ஒரு இயந்திரம் உண்டு. மூடிய குப்பிகள் வெந்நீர்த் தொட்டிக்குள் சக்கரம்போலச் சுற்றும். வேண்டிய சூட்டில் நிறுத்திவைக்கலாம். அவரிடம் விஷயத்தைச் சொன்னதும், தினமும் தொண்ணூறு டிகிரியில் ஓட்டுகிற மெஷினை முப்பத்தேழில் ஓட்டச் சொல்வது நீங்கள் ஒருத்திதான் என்றார். ஆனால் சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் இயந்திரத்தைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்.

மண்ணைக் காயவைத்து மெல்லிய சல்லடையில் சலித்திருந்தேன். விரலில் ஒட்டி வாய்க்குப் போவது பெரும்பாலும் அந்த நைசான மண்தான். ஒரு கிராம் மண்ணுக்கு நூறு மில்லி திரவம். குழாயடி மண்ணில் மூன்று பாட்டில், பின்பக்கத்து மண்ணில் மூன்று, மண்ணே போடாமல் வெறும் திரவத்தோடு ஒன்று. இயந்திரம் சுற்றத் தொடங்கியது. வெளியே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்து அந்த ஏழு வயிறுகளையும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரத்தில் நான்கு தரம் எழுந்துபோய்ச் சூட்டைச் சரிபார்த்தேன்.

திங்கட்கிழமை அளந்தேன். பின்பக்கத்து மண், குழி தோண்டியபோது மேலே வந்த சீவலும் தூளும் கலந்தது, நான் பயந்தபடியே இருந்தது. அதிலிருந்த ஆர்சனிக்கில் பாதிக்குமேல் அந்தத் திரவத்தில் கரைந்துவிட்டது. குழாயடிச் செம்மண்ணில் மொத்த அளவே அதைவிட வெகுவாகக் குறைவு. அதிலும் கரைந்தது சிறு பங்குதான். இரும்பு பிடித்து வைத்திருந்தது. மூன்று பாட்டிலும் ஒன்றுபோலச் சொன்னபோது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

கணக்கைப் போட்டேன். கரையும் பங்கை ஒரு நாள் சிட்டிகையால் பெருக்கி, உடம்பு எடையால் வகுக்க வேண்டும். குழந்தைக்கு வந்தது கவலைப்பட வேண்டிய கோட்டுக்குக் கீழே இருந்தது. தாய்க்கு வந்தது அதை நெருங்கி, ஆனால் தாண்டாமல் இருந்தது. பேப்பரில் பார்க்க நிம்மதியாகத்தான் இருந்தது. என்றாலும் என்னால் முழுசாக அதை நம்ப முடியவில்லை. பாட்டிலுக்குப் பசி கிடையாது. ரத்தசோகை கிடையாது. வயிற்றுக்குக் கீழே குடல் என்று ஒன்று இருக்கிறது, அங்கே நடப்பதை இந்தத் திரவம் காட்டாது. காலையில் வெறும் வயிற்றில் தின்ற மண்ணும் சோற்றுக்குப் பின் தின்ற மண்ணும் ஒன்றுபோல நடந்துகொள்ளாது. நான் கையில் வைத்திருந்தது ஒரு மதிப்பீடு. மொத்த எண்ணைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே போத்தனூர் போனேன். இருவரையும் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன். குழந்தையைப் பற்றிச் சொல்லி முடித்ததும் தச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போது அவள் சொன்னாள். ஒரே மூச்சில், தரையைப் பார்த்துக்கொண்டே, தான் தின்றது, எத்தனை நாளாக, பாப்பா தன்னைப் பார்த்துப் பழகியது, எல்லாவற்றையும். அவர் கோபப்படுவார் என்று நான் தயாராக இருந்தேன். ஆனால் அவர் கேட்டது இதைத்தான்:

"உனக்கு ஒடம்பு முடியலைனு ஏன் எங்கிட்டச் சொல்லல?"

பதிலுக்குக் காத்திருக்காமல், நாளைக்கே டாக்டரிடம் போகலாமா என்று என்னைக் கேட்டார்.

டாக்டர் ரத்தமும் சிறுநீரும் பார்க்கச் சொன்னார். ரத்தத்தில் இரும்பு மிகவும் குறைவு. சிறுநீர் வெளியூர் லேபுக்குப் போய் வந்தபோது இருவருக்குமே ஆர்சனிக் எகிறியிருந்தது. தச்சர் போனில் பேசிய குரலைக் கேட்டு என் கணக்கு முழுக்கத் தப்பு என்றே நினைத்துவிட்டேன். பிறகுதான் கேட்கத் தோன்றியது. அந்த வாரம் என்ன சாப்பிட்டீர்கள்? மகள் மாசமாக இருக்கிறாளே, மெலிந்திருக்கிறாளே என்று அவளுடைய அம்மா தினமும் மத்தி மீன் வாங்கிச் சமைத்துப் போட்டிருக்கிறார். கடல் மீனில் இருக்கும் ஆர்சனிக் வேறு வகை. பெரிதாகக் கெடுதல் செய்யாமல் சிறுநீரில் போய்விடும். ஆனால் சாதாரணப் பரிசோதனை இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே எண்ணிவிடும். டாக்டரிடம் இதைச் சொன்னோம். ஒரு வாரம் மீனைத் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி கொடுக்கச் சொன்னார். இரண்டாவது முறை குழந்தைக்குச் சாதாரண அளவு. தாய்க்குக் கொஞ்சம் கூடுதல். அது அடுத்த மாதம் குறைந்தது. இரும்பு மாத்திரை ஆரம்பித்து ஐந்தாறு வாரத்தில், மண் வாசம் வந்தாலும் இப்போது ஒன்றும் தோன்றுவதில்லை என்று அவள் சொன்னாள்.

குழாயடியைச் சுற்றித் தச்சர் காங்கிரீட் போட்டார். பின்பக்கத்து மண்ணைத் தானே வாரி வெளியே கொட்டப் பார்த்தார். நான் தடுத்தேன், அது இன்னொருவர் வாசலுக்குத்தான் போகும். இருவரும் சேர்ந்து சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எழுதினோம். ஆள் வந்து பார்க்க மாதக்கணக்கானது. அதுவரை கெட்டியான தார்ப்பாய் விரித்து மேலே சிமெண்ட் பலகை அடுக்கி மூடி வைத்தார். வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். ஆண் குழந்தை பிறந்தது. எடை குறையவில்லை. நான் பார்க்கப் போனபோது பெரியவள் காங்கிரீட்மேல் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த யார்டின்மேல் இருந்தது இவர் வீடு மட்டும் அல்ல. இன்னும் ஒன்பது வீடுகள் உண்டு. தச்சர் ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறி விஷயத்தைச் சொன்னார். மனையை விற்க முடியாமல் பண்ணிவிடுவாய் போலிருக்கிறதே என்று இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் இவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ஆறு வீட்டுக்காரர்கள் மண் கொடுத்தார்கள். போன மாதம் அவர் அந்த ஆறு கவர்களையும் கொண்டுவந்து என் மேஜைமேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் மரத்தில் அளவு குறிக்கும் தடித்த பென்சிலால் எழுதியிருந்தார்: ஊஞ்சலுக்குக் கீழே. வாசப்படி ஓரம். பாட்டியம்மா கீரை போடற எடம். சைக்கிள் ஓட்டற எடம்.

முதல் இரண்டை அளந்துவிட்டேன். ஊஞ்சலுக்குக் கீழே இருக்கும் மண் இவர்கள் குழாயடி மண்ணைவிட மோசம். அந்த வீட்டுக் குழந்தையின் அம்மாவை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். தராசைத் துடைத்து வைத்திருக்கிறேன்.